ஒற்றைக் காலில் நின்றோம்

‘இந்தப் பெண் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள், ஒற்றைக் காலில் நிற்கிறாள்’ என்று நம் வீடுகளில் நம்மைப் பற்றிச் சொல்லக் கேட்டிருப்போம். பள்ளிக் கூடைப்பந்துக் குழுவினராகிய நாங்கள் 2024ஆம் ஆண்டில் அப்படி ஒரு முறை ஒற்றைக் காலில் நின்றோம். அதனால் எங்கள் அன்புக்குரிய ஒருவருடைய கால் கெட்டது. அதன்பிறகு உண்மையாகவே ஒற்றைக் காலில் நிற்கக் கற்றுக்கொண்டோம். இன்றும் வாரத்தில் மூன்று நாள் மாலையில் நின்றுகொண்டிருக்கிறோம். சிரிக்காமல் படியுங்கள், தோழியரே.

அவ்வாண்டு ஜூலை மாதம் ஒரு மாலைப் பயிற்சியில், கூடை வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடிக்க எங்கள் குழுத்தலைவி அக்கா உயரத் துள்ளினார். துள்ளியவர் சிமெண்டுத் தரையில் இறங்காமல் எங்களுள் ஒருத்தியின் பாதத்தின்மேல் இறங்கினார். வலது கால் உட்புறமாக மடங்கிற்று. ‘பட்’ என்று ஏதோ தெறித்ததுபோல் இருந்தது என்று அக்கா பிறகு சொன்னார். எங்களுக்குக் கேட்டதெல்லாம் ‘அம்மா!’ என்ற அலறல்தான். அந்தப் பாதத்துக்கு உரியவளும் இக்கட்டுரையை எழுதுவோருள் ஒருத்தியாதலால், அதைப் பற்றி அதிகம் எழுதாமல் விடுகிறோம்.

விளையாட்டு ஆசிரியை மடத்துச் சமையலறையிலிருந்து பனிக்கட்டி வாங்கிவரச் சொல்லித் துணியில் சுற்றி வைத்தார்கள். கால்மணி நேரத்துக்குள் கணுக்காலின் வெளிப்புறம் கோழிமுட்டை அளவு வீங்கிவிட்டது. அன்றிரவு அக்காவின் பாட்டி புளியையும் உப்பையும் கரைத்துக் காய்ச்சி இளஞ்சூட்டில் பற்றுப் போட்டார். காலால் பிறந்தவர் எவராவது மிதித்தால் சுளுக்கு ஒரே நாளில் இறங்கிவிடும் என்று அண்டை வீட்டார் யோசனை சொன்னார்களாம். நல்லவேளையாக அத்தகைய பிறவி அந்தத் தெருவில் கிடைக்கவில்லை. ஒரு வாரத்தில் வீக்கம் பெரிதும் வடிந்தது. பத்தாம் நாள் அக்கா நொண்டாமல் நடந்து பள்ளிக்கு வந்துவிட்டார். ‘சுளுக்குத்தானே!’ என்று நாங்களும் மகிழ்ந்தோம்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் குறுவட்டப் போட்டி. முந்திய ஆண்டு இறுதியாட்டத்தில் தோற்றிருந்தோம். அக்கா இல்லாமல் ஆடினால் முதல் சுற்றிலேயே திரும்பவேண்டியதுதான் என்பது எங்கள் கணக்கு. ஆகவே பதினொரு பேரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு அவர் வீட்டுக்குப் போனோம். அக்காவுக்கு ஆசை இருந்தது. அவருடைய தாயாருக்குத்தான் மனமில்லை. ‘இன்னும் பத்து நாள் பொறுக்கக்கூடாதா?’ என்று கேட்டார். நாங்கள் விடவில்லை. வலி இல்லையே, வீக்கம் இல்லையே, ஆசிரியை ஓடிக் காட்டச் சொன்னபோது ஓடிக் காட்டினாரே என்று ஆளுக்கொரு நியாயம் சொன்னோம். கடைசியில் அந்த அம்மா, ‘கால் அவளுடையது பிள்ளைகளா, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு எங்களுக்குக் காப்பி போட உள்ளே போனார். வெற்றி பெற்றவர்கள்போல அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு வந்தோம்.

இரண்டாம் ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் அது நடந்தது. அக்கா பந்தைத் தட்டிக்கொண்டு வந்து இடப்பக்கம் சட்டென்று திரும்பினார். அருகில் எதிரணியினர் யாரும் இல்லை. எவரும் இடிக்கவில்லை. தரையில் கல்லோ குழியோ ஈரமோ கிடையாது. அதே வலது கால், அதே பக்கம், தானாக மடங்கிற்று. அக்கா எழுந்திருக்க முயன்று, முடியாமல், கையால் தரையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார். ஆட்டத்தில் தோற்றோம், எத்தனை புள்ளி என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

எங்களை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, தாயாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, நார் இம்முறை முன்னைவிட அதிகமாகக் கிழிந்திருந்தது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஆட்டம் கூடாது என்றார்கள்.

யாரும் தொடாமல், சமதரையில், வலியில்லாத கால் ஏன் மடங்கவேண்டும்? இந்தக் கேள்வி எங்களை விடவில்லை. செப்டம்பரில் எங்களுள் இருவர் அக்காவுக்குத் துணையாக இயன்முறை மருத்துவரிடம் சென்றபோது விடை கிடைத்தது. அந்த அம்மையார் அக்காவை இடது காலில் மட்டும் நின்று கண்ணை மூடச் சொன்னார்கள். இருபது எண்ணும்வரை நின்றார். வலது காலில் நிற்கச் சொன்னார்கள். அப்போது வலி ஏதும் இல்லை, வீக்கமும் இல்லை. ஆனால் மூன்று எண்ணுவதற்குள் உடம்பு ஆடி, தூக்கிய காலைக் கீழே ஊன்றிவிட்டார். மறுபடியும் அப்படியே. அக்காவின் முகம் சுருங்கிப் போயிற்று. ‘நார் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டிருக்கிறது. ஆனால் உன் கால் தான் எங்கே இருக்கிறது என்பதை மறந்துவிட்டது. முதல் சுளுக்குக்குப் பிறகு அதை யாரும் நினைவுபடுத்தவில்லை’ என்றார்கள் அந்த அம்மையார். துணைக்குப் போன எங்களையும் விடவில்லை. எங்களுள் ஒருத்தி எட்டாம் வகுப்பில் பேருந்துப் படியில் கால் பிசகியவள்; அதை அவளே மறந்திருந்தாள். அந்தக் காலில் அவளும் நிற்கமுடியாமல் தடுமாறினாள்.

அங்கே கேட்டதையும் பிறகு ஆசிரியையின் உதவியோடு தேடிப் படித்ததையும் எழுதுகிறோம். உயிரியல் வகுப்பில் தூங்குகிறவர்களும் இதைப் படிக்கலாம்.

கணுக்கால் மூட்டு என்பது ஏறக்குறைய ஒரு தச்சுப் பொருத்தம். முழங்காலிலிருந்து இறங்கும் இரண்டு எலும்புகளின் நுனிகள் இருபுறமும் கவ்விப் பிடிக்க, நடுவே டாலஸ் என்ற எலும்பு பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. இந்த டாலசில் ஒரு தசைகூட ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்பது வியப்பு. சுற்றியுள்ள எலும்புகளின் அமைப்பும், எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்களும்தாம் அதைப் பிடித்துவைத்திருக்கின்றன. இந்த நாரையே மருத்துவர்கள் லிகமென்ட் என்கிறார்கள். உட்புறத்து நார் அகலமானது, வலியது. வெளிப்புறத்தில் மூன்று நார்கள். அவற்றில் முன்னால் இருப்பதே நலிந்தது. டாலசின் முன்பாகம் அகலமாகவும் பின்பாகம் குறுகலாகவும் இருப்பதால், பாதம் தரையில் பதிந்திருக்கும்போது பொருத்தம் இறுக்கமாகவும், நுனிக்காலில் இருக்கும்போது தளர்ச்சியாகவும் இருக்கிறது. துள்ளி இறங்குகிறவள் எப்படி இறங்குகிறாள்? நுனிக்காலில்தானே! பொருத்தம் தளர்ந்திருக்கும் அந்த நொடியில் பாதம் உட்புறமாகச் சரிந்தால், பாரமெல்லாம் அந்த முன்நாரின்மேல் விழுகிறது.

அப்படிச் சரியாமல் காப்பதற்குக் காலின் வெளிப்புறத்தில் பெரோனியல் என்னும் தசைகள் இருக்கின்றன. அவை பாதத்தை வெளிப்புறமாக இழுப்பவை. கால் மடங்குகிறது என்று தெரிந்ததும் அவை இழுத்துக்கொள்ளாதா என்று நாங்களும் கேட்டோம். இழுக்கும், ஆனால் காலம் போதாது. மடங்குகிறது என்ற செய்தி நரம்பு வழியே தண்டுவடத்துக்குப் போய், கட்டளை திரும்பிவந்து, தசையில் முதல் விழிப்பு உண்டாவதற்கே ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ 60 முதல் 80 பங்கு ஆகிறது. அதற்குமேல் தசை இறுகி வலிமையோடு இழுக்க இன்னும் நேரம் வேண்டும். கால் மடங்கி நார் கிழிவதற்கோ வினாடியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே போதும். பள்ளி மணி அடித்த பிறகு வீட்டிலிருந்து புறப்படுகிறவளின் கதைதான்.

அப்படியானால் நாம் எல்லாரும் நாள்தோறும் விழுந்துகொண்டல்லவா இருக்கவேண்டும்? விழாததற்குக் காரணம், கால் தரையைத் தொடுமுன்பே மூளை கணக்குப் போட்டு அந்தத் தசைகளை ஆயத்தமாக இறுக்கி வைத்துவிடுவதுதான். பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது, தரை எவ்வளவு தூரம் என்பது தெரிந்தால்தான் கணக்குச் சரியாக வரும். கண்ணால் பார்க்காமலே நம் உறுப்பு எங்கே எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதே, அந்த உணர்வுக்கு இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906இல் புரோப்ரியோசெப்ஷன் என்று பெயரிட்டார். தன்னிலை உணர்வு என்று நாம் சொல்லலாம். இருட்டில் வாய்க்குச் சோறு போகிறதே, மூக்குக்குப் போவதில்லையே, அந்த உணர்வுதான்.

சுளுக்கு இந்த உணர்வைக் கெடுக்கிறது என்பதை எடுத்துக்காட்டியவர் மைக்கேல் ஃப்ரீமன் என்ற எலும்பு மருத்துவர். அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1965இல் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வுகளில், சுளுக்கிய காலில் ஒற்றைக்காலாக நிற்கமுடியாதவர்களைக் கவனித்து எழுதினார்கள். அசையும் பலகைமேல் நின்று பழகியவர்களுக்குக் கால் அடிக்கடி பிசகும் தொல்லை குறைந்தது என்றும் கண்டார்கள். நார் கிழியும்போது அதிலுள்ள நரம்பு முனைகளும் சேதமாவதே காரணம் என்பது ஃப்ரீமனின் கருத்து. பின்னால் வந்தவர்கள் அதோடு நிற்கவில்லை. மூளையும் தண்டுவடமும் காலை ஆளும் முறையே மாறிவிடுகிறது, இடுப்புத் தசைகள்கூட வேறு விதமாக வேலை செய்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். முதல் சுளுக்கைப் ‘போகட்டும்’ என்று விட்டால் அடுத்தது எளிதில் வருவது இதனால்தான். வலி போவதும் வீக்கம் வடிவதும் பத்து நாளில் நடந்துவிடுகின்றன. உணர்வு திரும்புவது அப்படித் தானாக நடந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. நேராக ஓடிக் காட்டினாரே என்று நாங்கள் வாதாடினோமே, நேராக ஓடுவது எதையும் காட்டாது. நாங்கள் பார்க்கவேண்டியது அவர் ஒற்றைக் காலில் நிற்பதை.

பயிற்சியால் பலன் உண்டா என்று பெற்றோர்கள் கேட்கக்கூடும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கூடைப்பந்தும் கால்பந்தும் ஆடும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் 765 பேரைக் கொண்டு நடத்தி 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. அவர்களுள் 523 பேர் நம்மைப் போன்ற பெண்கள். ஒரு பகுதியினர் ஆட்டப் பருவத்துக்கு முன் நான்கு வாரம் வாரத்துக்கு ஐந்து நாளும், பருவத்தில் வாரத்துக்கு மூன்று நாள் பத்துப் பத்து நிமிடமும் ஒற்றைக்கால் பயிற்சி செய்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 6 பேருக்குக் கணுக்கால் சுளுக்கியது. செய்யாதவர்களில் ஏறத்தாழ 10 பேருக்கு. நெதர்லாந்தில் ஏற்கெனவே சுளுக்கிய 522 விளையாட்டினரை வைத்து நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரம் வீட்டிலேயே பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கும் செய்யாதவர்களில் 33 பேருக்கும் ஓராண்டில் மீண்டும் சுளுக்கியது. 22 என்பதும் சிறிய எண் அன்று. ஒற்றைக் காலில் நின்றால் சுளுக்கே வராது என்று நாங்கள் சொல்லவில்லை. காசு செலவில்லாமல் பத்து நிமிடத்தில் இவ்வளவு கிடைக்கிறதே என்பதுதான் எங்கள் வியப்பு.

கூடைப்பந்தும் கால்பந்தும் ஆடும் பெண்களுக்கு முழங்கால் நார் அறுபடுவது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதையும் படித்தோம். அதைத் தவிர்க்கவும் துள்ளி இறங்கும் பழக்கத்தைத் திருத்தும் பயிற்சிகள் உண்டு. இதைப் படித்துவிட்டு ‘ஆடவே வேண்டாம்’ என்று எந்தத் தாயாரும் முடிவு செய்துவிடக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறோம்.

அக்டோபரில் தொடங்கினோம். அக்காவுக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியை அவர் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது எங்களுக்குப் பொறுக்கவில்லை. ஆகவே பன்னிரண்டு பேரும் ஆட்டக்களத்தின் ஓரமாக வரிசையில் நின்றோம். முதலில் கண்ணைத் திறந்துகொண்டு ஒரு காலில் அரை நிமிடம்; பிறகு மறுகாலில். பின் கண்ணை மூடிக்கொண்டு. பின் ஒற்றைக் காலில் நின்றபடியே பந்தை எறிந்து பிடிப்பது. பிறகு மடித்துப் போட்ட பாயின்மேல். நவம்பரில் பள்ளித் தச்சர் பழைய பெஞ்சுப் பலகையின் அடியில் அரைவட்டக் கட்டைகளை அடித்து, ஆடும் பலகைகள் நான்கு செய்து கொடுத்தார். கடைசியில் துள்ளி ஒற்றைக் காலில் இறங்கி அசையாமல் நிற்பது. முழங்கால் உட்புறம் சரியாமல் பாதத்துக்கு நேராக இருக்கவேண்டும். முதல் நாள் எங்கள் வரிசை புயலில் அகப்பட்ட வாழைத்தோட்டம்போல் இருந்தது. பரதநாட்டியம் கற்கும் ஒருத்தி மட்டும் கொக்குப்போல நின்றாள். நொண்டியும் பாண்டியும் ஆடும் மூன்றாம் வகுப்புச் சிறுமியர் எங்களை வேடிக்கை பார்க்க வந்து, எங்களைவிட அதிக நேரம் நின்று காட்டிவிட்டுப் போனார்கள். பாண்டிக் கட்டத்தில் நொண்டித் தாண்டிச் சில்லைக் குனிந்து எடுப்பதும் இதே பயிற்சிதான் அல்லவா? ஆறாம் வகுப்பு வந்ததும் ‘பெரிய பெண்கள் ஆகிவிட்டோம்’ என்று அதை விட்டுவிட்டோமே!

இன்னொன்றும் நடந்தது. மாலையில் மகளை அழைத்துச் செல்ல வந்த ஒரு தகப்பனார் எங்களைப் பார்த்துவிட்டு நேராகத் தலைமைச் சகோதரியிடம் போய், ‘பன்னிரண்டு பிள்ளைகளை ஒற்றைக் காலில் நிற்கவைக்கும் அளவுக்கு அப்படி என்ன குற்றம் செய்துவிட்டார்கள், மதர்?’ என்று கேட்டுவிட்டார். சகோதரி வெளியே வந்து எங்களிடம் விசாரித்தார்கள். நாங்கள் முழுக்கதையையும், அந்த ஞாயிற்றுக்கிழமைக் காப்பி உட்பட, சொன்னோம். சகோதரி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, திருத்தூதர் பணிகள் 3ஆம் அதிகாரத்தில் பேதுரு ஆலய வாயிலில் கால் ஊனமுற்றவரைக் குணமாக்கியதைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். அந்தப் பகுதியில் பாதங்களோடு கணுக்கால்களும் உறுதி பெற்றதாகத் தனியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. எழுதியவர் மருத்துவராகிய லூக்கா என்பது மரபு. அதனால்தான் கணுக்காலை மறக்கவில்லைபோலும் என்றார்கள். அந்த மனிதர் குணமானதும் நடந்ததோடு துள்ளவும் செய்தார் என்று எங்களுள் ஒருத்தி சொல்ல, ‘அவருக்குப் புதுமை நடந்தது, உங்களுக்குப் பத்து நிமிடம்’ என்று சிரித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் முதல் ஆடும் பலகைகளை வைக்க மடத்துத் தாழ்வாரத்தில் இடம் கிடைத்தது.

ஜனவரியில் மாமல்லபுரம் சுற்றுலா போனோம். அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பாறைச் சிற்பத்தில் தவசி ஒற்றைக் காலில் நிற்பதையும், கீழே ஒரு பூனை அவரைப் பார்த்துக் கையை உயர்த்திக்கொண்டு நிற்பதையும் கண்டதும், மற்ற மாணவியர் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். யார் தவசி, யார் பூனை என்று இன்றுவரை வகுப்பில் தீர்ப்பாகவில்லை.

அடிபட்டவுடன் செய்யவேண்டியதில் நாங்கள் கற்ற ஒன்றையும் சொல்லவேண்டும். கணுக்காலில் புடைத்து நிற்கும் எலும்பின் பின்விளிம்பில், கீழ்நுனியிலிருந்து 6 செ.மீ. உயரம்வரை எங்கேனும் அழுத்தினால் எலும்பிலேயே வலித்தாலும், அல்லது நான்கு எட்டு வைக்க முடியாவிட்டாலும், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும். கனடாவில் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வகுத்த விதிகளில் உள்ளது இது. பாதத்தின் நடுவிலும் வெளியோரத்திலும் உள்ள எலும்பு வலித்தாலும் அப்படியே. அன்று ஜூலையில் அக்காவை நாங்கள் தூக்கிக்கொண்டுதான் போனோம். நான்கு எட்டு நடக்கிறாரா என்று பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. பாட்டியின் பற்றால் கெடுதல் ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். வீங்கிய காலை உடனே அழுத்தி உருவுவதும் மிதிப்பதும்தான் ஆகாது.

பிப்ரவரி 2025இல் அண்டைப் பள்ளியோடு நட்பு முறை ஆட்டம் ஒன்று வந்தது. ஆறு மாதம் கடந்துவிட்டது, அக்கா கண்ணை மூடிக்கொண்டு வலது காலில் இருபது எண்ணும்வரை நிற்கிறார், ஓடுகிறார், திரும்புகிறார். நாங்கள் வாய் திறக்கவில்லை. அவரே களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒவ்வொரு காலாலும் நொண்டித் தாண்டி அளந்தார். நல்ல காலின் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது வரவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எட்டுக்குச் சிறிது குறைவாக வந்தது. எதிரணி ஆசிரியைகூட ‘ஐந்து நிமிடம் ஆடேன் அம்மா’ என்று கேட்டுப் பார்த்தார்கள். ஆடமாட்டேன் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். புள்ளிப் பலகையின் பக்கத்தில் அமர்ந்து கணக்கு எழுதினார். பெரிய வித்தியாசத்தில் தோற்றோம்.

ஜூலையில் குறுவட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் அவர் களம் இறங்கினார். மருத்துவர் சொல்லியபடி கணுக்காலுக்குப் பட்டை அணிந்திருந்தார். அவருடைய தாயார் அன்று அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து கோட்டின் ஓரத்தில் நின்றார். ஆட்டம் முழுவதும் அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. மகளின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு முறை பந்தைத் தவறவிட்டு ஆசிரியையிடம் திட்டு வாங்கினோம்.